வயது தடையன்று

"வயது சென்றபின் படிப்பு ஏறுமோ?" என்று கைவிரிக்கும் நம்மவர் துர்க்காபாய் தேஷ்முக்கின் சரித்திரத்தை அறிதல் வேண்டும்.

1909-இல் ராஜமகேந்திரபுரத்தில் பிறந்த அவருக்கு எட்டாம் வயதிலேயே மணம் முடித்தனர். வளர்ந்தபின் அம்மணவாழ்வை மறுத்தார். 1930-இல் உப்புச் சத்தியாக்கிரகத்தில் இறங்கிச் சிறை புகுந்தார். சிறைவாசம் தீர்ந்த பின்னரே மெட்ரிகுலேஷன் தேறினார், எம்.ஏ. பட்டமும், 1942-இல் சட்டப் பட்டமும் பெற்றார். அரசியல் நிர்ணய சபையிலும் அமர்ந்தார்.

தாம் கரையேறியதோடு அவர் நின்றாரல்லர். 1937-இல் சென்னையில் ஆந்திர மகிளா சபையை நிறுவி, பள்ளியை இழந்த பெண்களை மெட்ரிகுலேஷன் தேர்வுக்குப் பயிற்றுவித்தார். அவர் தலைமை வகித்த மத்திய சமூக நல வாரியம் 1958-இல் வயதுவந்த பெண்களுக்குச் சுருக்கப் பாடத்திட்டம் வகுத்தது.

அறியாமையை விதியென்று சுமக்கும் தோழர்களே, தோழியர்களே! பிள்ளையின் புத்தகத்தை இன்றிரவே நீங்களும் விரியுங்கள்.