வைரஸ் வந்த பாதை: விளையாட்டிலிருந்து வியாபாரம் வரை

பி.காம். படிப்பவனுக்கும் கம்ப்யூட்டர் வைரஸுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? ஒரு பென் டிரைவ்தான் சம்பந்தம்.

என் அப்பா சின்னதாக ஒரு ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். கடன் பாக்கிக் கணக்கை நோட்டிலிருந்து எக்செல்லுக்கு மாற்றித் தருகிறேன் என்று நானாகத்தான் முன்வந்தேன். இரண்டு மாத வேலை. ஒருநாள் அதைப் பிரிண்ட் எடுக்க ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போய் வந்தேன். வீட்டில் பென் டிரைவைச் செருகினால், ஃபோல்டர்கள் இருந்த இடத்தில் எல்லாம் வெறும் ஷார்ட்கட்டுகள்! பயந்துபோய் ஃபார்மட் செய்துவிட்டேன். வேறு பிரதி கிடையாது. அந்த வைரஸ் கோப்புகளை அழிப்பதில்லை, மறைத்து மட்டும் வைக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது. ஆக, கணக்கை அழித்தது வைரஸ் அல்ல, நான்தான்.

அந்தக் கோபத்தில் வைரஸ்களின் வரலாற்றைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் முக்கியமானதை இங்கே தருகிறேன்.

ஆரம்பம் ஒரு விளையாட்டு

1971-ஆம் ஆண்டு. இணையத்தின் முன்னோடியான அர்பாநெட் என்ற வலையமைப்பில், பாப் தாமஸ் என்ற பொறியாளர் 'க்ரீப்பர்' என்ற நிரலை எழுதினார். அது ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்குத் தாவி, முடிந்தால் என்னைப் பிடி என்று வம்புக்கு இழுக்கும். அவ்வளவுதான். அதைத் தேடி அழிக்க 'ரீப்பர்' என்ற நிரல் எழுதப்பட்டது. எழுதியவர் ரே டாம்லின்சன், வலையமைப்பு வழியாக மின்னஞ்சல் அனுப்பும் முறையைத் தந்த அதே மனிதர்!

1982-ல் அமெரிக்காவில் ரிச் ஸ்க்ரென்டா என்ற 15 வயதுப் பையன் ஆப்பிள் 2 கணினிக்காக 'எல்க் க்ளோனர்' எழுதினான். ஃப்ளாப்பியிலிருந்து ஃப்ளாப்பிக்குப் பரவும். 50-வது தடவை கணினியைத் தொடங்கும்போது திரையில் ஒரு குட்டிக் கவிதை வரும். இதுவும் நண்பர்களைச் சீண்டச் செய்த குறும்புதான்.

அடுத்த ஆண்டு, 1983-ல், தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழக மாணவர் ஃபிரெட் கோஹன் தன்னைத்தானே நகலெடுக்கும் நிரலைச் செய்து காட்டினார். அதற்கு 'வைரஸ்' என்று பெயர் சூட்டச் சொன்னவர் அவருடைய பேராசிரியர் லென் ஏடல்மன். எல்லா வைரஸ்களையும் தவறாமல் கண்டுபிடிக்கும் ஒரு நிரலை எழுதவே முடியாது என்றும் கோஹன் கணித ரீதியாக நிரூபித்தார். ஆன்டிவைரஸ் போட்டுவிட்டேன், இனிக் கவலையில்லை என்று சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்!

லாகூரிலிருந்து ஒரு விசிட்டிங் கார்டு

ஐபிஎம் பிசி-யைத் தாக்கிய முதல் வைரஸ் 1986-ல் பாகிஸ்தானின் லாகூரிலிருந்து வந்தது. பெயர் 'பிரெய்ன்'. எழுதியவர்கள் பாசித், அம்ஜத் என்ற சகோதரர்கள். தாங்கள் விற்ற மருத்துவ மென்பொருளைத் திருட்டுத்தனமாக நகலெடுப்பவர்களைக் கண்டுபிடிக்கவே எழுதினோம் என்றார்கள். வைரஸுக்குள்ளேயே தங்கள் பெயர், முகவரி, தொலைபேசி எண் எல்லாம் வைத்திருந்தார்கள் என்றால் நம்ப முடிகிறதா? பல நாடுகளிலிருந்தும் அவர்களுக்குப் போன் வந்தது! ஃப்ளாப்பியின் பூட் செக்டாரில் ஒளிந்திருந்ததால் இந்த வகைக்கு பூட் செக்டார் வைரஸ் என்று பெயர்.

வைரஸ், வோர்ம், ட்ரோஜன்

மூன்றையும் வைரஸ் என்றே சொல்கிறோம். ஆனால் வித்தியாசம் உண்டு. வைரஸ் இன்னொரு நிரலிலோ கோப்பிலோ ஒட்டிக்கொண்டு பரவும். வோர்ம் யார் துணையும் இல்லாமல் வலையமைப்பு வழியாகத் தானே பரவும். ட்ரோஜன் நல்லவன் வேஷம் போட்டு வரும், நாமே கதவைத் திறந்து விடுவோம்.

வோர்முக்கு உதாரணம், 1988 நவம்பர் 2-ஆம் தேதி கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மாரிஸ் வெளியிட்டது. மென்பொருள் ஓட்டைகளையும் எளிதில் ஊகிக்கக்கூடிய பாஸ்வேர்டுகளையும் பயன்படுத்தி அது நுழைந்தது. ஒரே கணினியில் திரும்பத் திரும்பத் தொற்றி அதை முடக்கியது. அன்று இணையத்தில் இருந்த சுமார் 60,000 கணினிகளில் 6,000 வரை பாதிக்கப்பட்டதாக மதிப்பிட்டார்கள். மாரிஸுக்கு 3 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேரச் சமூக சேவை, 10,050 டாலர் அபராதம். பின்னாளில் அவர் எம்ஐடி-யில் பேராசிரியர் ஆனார்.

ட்ரோஜனுக்கு உதாரணம் 1989 டிசம்பரில் வந்தது. எய்ட்ஸ் பற்றிய தகவல் என்று சொல்லி சுமார் 20,000 ஃப்ளாப்பிகள் தபாலில் அனுப்பப்பட்டன. கணினியை 90 முறை வரை தொடங்கியதும் கோப்புகளின் பெயர்களை உருமாற்றி மறைத்துவிட்டு, பனாமாவில் உள்ள ஒரு தபால் பெட்டிக்கு 189 டாலர் அனுப்பச் சொன்னது. கோப்புக்குள் இருந்த தகவல் அப்படியே இருந்தது, மீட்கவும் வழி கண்டுபிடித்தார்கள். ஆனால் அதற்குள் பயந்துபோய் வட்டையே அழித்தவர்களும் உண்டாம்! படித்தபோது எனக்கு என் பென் டிரைவ் ஞாபகம்தான் வந்தது.

வணிகவியல் மாணவனாக எனக்கு இந்த 1989 முக்கியமான ஆண்டு. குறும்பாக இருந்தது இங்கேதான் கல்லாப்பெட்டியைப் பார்க்க ஆரம்பித்தது.

காதல் கடிதமும் சட்டமும்

2000 மே 4-ஆம் தேதி பிலிப்பைன்ஸிலிருந்து 'ஐ லவ் யூ' கிளம்பியது. மின்னஞ்சலில் காதல் கடிதம் என்று ஒரு இணைப்பு. கோப்புப் பெயரின் கடைசிப் பகுதியை விண்டோஸ் மறைத்துவிடுவதால், நிரலாக இருந்தது சாதாரண எழுத்துக் கோப்பு போலத் தெரிந்தது. திறந்தால் படக்கோப்புகள் போச்சு. முகவரிப் பட்டியலில் இருக்கும் எல்லோருக்கும் கடிதம் போகும். எழுதிய இளைஞரைக் கண்டுபிடித்தும் தண்டிக்க முடியவில்லை. அப்போது அந்த நாட்டில் அதற்கான சட்டமே இல்லை! ஜூன் மாதம்தான் சட்டம் வந்தது. அதே 2000 ஜூனில்தான் நமது தகவல் தொழில்நுட்பச் சட்டமும் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. பிறர் கணினியில் அனுமதியின்றி வைரஸ் புகுத்துவதைப் பற்றிப் பேசுவது அதன் 43-ஆம் பிரிவு.

2017 மே 12-ல் 'வான்னாக்ரை' வந்தது. வோர்ம் போலப் பரவி, கோப்புகளைப் பூட்டி, 300 டாலர் மதிப்புக்கு பிட்காயின் கேட்டது. சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் மாட்டின. பிரிட்டனில் அரசு மருத்துவமனைகளே திணறின. இதில் வேதனை என்னவென்றால், அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே கொடுத்திருந்தது. போடாதவர்கள்தான் மாட்டினார்கள்.

நாம் செய்ய வேண்டியவை

1. முக்கியமான கோப்புக்கு இரண்டு பிரதியாவது வையுங்கள். ஒன்று கணினியோடு இணைக்காமல் தனியே இருக்கட்டும்.

2. அப்டேட் வந்தால் தள்ளிப் போடாதீர்கள்.

3. தெரிந்தவர் அனுப்பினாலும் இணைப்பை யோசித்துத் திறங்கள். இன்று காதல் கடிதத்துக்குப் பதில் வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்று ஏபிகே கோப்பு வருகிறது. பத்திரிகையை யாராவது இன்ஸ்டால் செய்யச் சொல்வார்களா?

4. விண்டோஸோடு வரும் டிஃபெண்டரை அணைக்காதீர்கள். வெளியே போய் வந்த பென் டிரைவை ஸ்கேன் செய்த பிறகே திறங்கள்.

5. ஒரே பாஸ்வேர்டை எல்லா இடத்திலும் வைக்காதீர்கள்.

6. பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

7. பதறாதீர்கள். ஃபார்மட் கொடுக்கும் முன் தெரிந்தவர் ஒருவரிடம் கேளுங்கள்.

கடைசியாக, கடைக் கணக்கு என்ன ஆனது என்று சொல்லவில்லையே. விஷயத்தைச் சொல்ல அப்பா முன் பயந்துகொண்டே நின்றேன். அவர் ஒன்றும் பேசாமல் கல்லாவுக்கு அடியிலிருந்து பழைய நோட்டை எடுத்து வைத்தார். எக்செல் வந்த பிறகும் தினமும் அதில் எழுதிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். "எதுக்கும் இருக்கட்டும்னு எழுதி வெச்சேன்டா" என்றார்.

பேக்கப் என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது அன்றுதான். நீங்கள் இன்றைக்கே ஒரு பிரதி எடுத்துவிடுங்கள் நண்பர்களே. மீண்டும் வேறொரு தலைப்பில் சந்திப்போம்!