பைசன் இலக்கணப் பகுப்பியாக்கி: வரிமொழிமாற்றி உருவாக்கத்திற்கான திறமூலக் கருவியை மதிப்பிடும் அளவுகோல்களின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

இண்டர்பிரட்டர் எனப்படும் வரிமொழிமாற்றியை உருவாக்க முனைவோர் நாடும் திறமூலக் கருவிகளுள் குனு திட்டத்தின் பைசன் குறிப்பிடத்தக்கது. இக்கருவியும் அதற்கு முன்னோடியான யாக்கும் எந்த அளவுகோல்களால் ஏற்கப்பட்டன, எக்காரணங்களால் கைவிடப்பட்டன என்பதை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. இலக்கண ஆற்றலை மட்டும் கொண்டு இத்தகைய கருவியை மதிப்பிடுவது போதாது என்பதையும், உரிமம், பிழைச் செய்தி, எழுத்துமுறை ஆகியவற்றுக்கும் மதிப்பீட்டில் இடம் வேண்டும் என்பதையும் இக்கட்டுரை நிறுவுகிறது.

திறவுச்சொற்கள்: பைசன், யாக், வரிமொழிமாற்றி, இலக்கணப் பகுப்பி, திறமூல உரிமம், ஒருங்குறி

முன்னுரை

எளிய வரிமொழிமாற்றி ஒன்று பொதுவாக மூன்று உறுப்புகளைக் கொண்டது. நிரலின் எழுத்துத் தொடரைச் சொற்கூறுகளாகப் பிரிப்பது சொற்பகுப்பி. அச்சொற்கூறுகள் மொழியின் விதிகளுக்கு இயைந்து அமைந்துள்ளனவா என ஆராய்ந்து அவற்றின் கட்டமைப்பைக் காண்பது இலக்கணப் பகுப்பி. அக்கட்டமைப்பின்படி செயலை நிகழ்த்துவது இயக்குபகுதி. இவற்றுள் இலக்கணப் பகுப்பியைக் கையால் எழுதலாம். அல்லது விதிகளை மட்டும் எழுதிக் கொடுத்துக் கருவியொன்றைக் கொண்டு ஆக்கிக்கொள்ளலாம். இரண்டாம் வழிக்குரிய கருவியே பைசன்.

யாக்கின் தோற்றமும் முதல் அளவுகோலும்

1965-இல் டொனால்டு குனுத் வெளியிட்ட ஆய்வு, எல்.ஆர். வகை இலக்கணங்களை இடமிருந்து வலமாக ஒருமுறை படித்தே பகுக்க இயலும் எனக் காட்டியது. ஆயினும் அம்முறைக்கு வேண்டிய அட்டவணைகள் அன்றைய கணினிகளின் நினைவகத்திற்கு மிகப் பெரியவை. 1969-இல் ஃபிராங்க் டிரெமர் தம் முனைவர் பட்ட ஆய்வில் முன்வைத்த எல்.ஏ.எல்.ஆர். முறை அவ்வட்டவணைகளைச் சுருக்கியது. இக்கோட்பாட்டின் அடிப்படையில் பெல் ஆய்வகத்தில் ஸ்டீபன் ஜான்சன் யாக்கை உருவாக்கினார்; 1975-இல் அதன் தொழில்நுட்ப அறிக்கை வெளிவந்தது. அதே ஆண்டில் மைக் லெஸ்க்கும் எரிக் ஷ்மிட்டும் உருவாக்கிய லெக்ஸ் என்னும் சொற்பகுப்பியாக்கி பற்றிய அறிக்கையும் வெளிவந்தது.

யாக் போற்றப்பட்டதற்கு உருவாக்க விரைவு முதன்மைக் காரணம். 1977-இல் தோன்றிய ஆக் மொழியின் இலக்கணம் யாக்கில் எழுதப்பட்டது. கெர்னிகனும் பைக்கும் 1984-இல் வெளியிட்ட யூனிக்ஸ் நூலில், நான்கு கணக்குச் செயல்களை மட்டும் செய்யும் ஹாக் என்னும் கணிப்பான், ஆறு படிநிலைகளில் சார்புகளும் செயல்முறைகளும் கொண்ட மொழியாக வளர்கிறது. விதிகளைச் சேர்ப்பதன் மூலமே மொழியை வளர்க்கலாம் என்பதற்கு அந்நூல் சான்றாயிற்று. இலக்கணத்தில் இருபொருள் படும் இடங்களை யாக் தானே கண்டறிந்து அறிவிப்பது மற்றொரு சிறப்பு. ‘எனில்’ ஒன்றனுள் மற்றொரு ‘எனில்’ வரும்போது ‘இல்லையேல்’ எதனைச் சாரும் என்னும் ஐயம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. கையால் எழுதுவோர் இத்தகைய ஐயம் எழுந்ததையே அறியாமல் கடந்துவிடக்கூடும்.

பைசனும் உரிமச் சிக்கலும்

பைசனை முதலில் எழுதியவர் ராபர்ட் கார்பெட். அதனை யாக்கிற்கு இயைபுடையதாக ஆக்கியவர் ரிச்சர்டு ஸ்டால்மன். கட்டற்ற மாற்றாக வந்த இக்கருவி, மதிப்பீட்டில் புதிய வினா ஒன்றை எழுப்பியது. பைசன் ஆக்கித் தரும் கோப்பில் பயனர் எழுதிய விதிகளோடு பைசனுக்கே உரிய பகுக்கும் நிரலும் படியெடுக்கப்படுகிறது. அந்நிரலுக்குப் பொதுமக்கள் உரிமம் பொருந்தியதால், 1.24 பதிப்புக்கு முன்பு பைசன் ஆக்கிய பகுப்பிகளைக் கட்டற்ற மென்பொருள்களில் மட்டுமே பயன்படுத்த முடிந்தது. இக்கட்டுப்பாடு பிற மென்பொருள்களைக் கட்டற்றவையாக்கப் பெரிதும் உதவவில்லை என உணர்ந்த குனு திட்டத்தினர் விலக்கு அளித்தனர். தொடக்கத்தில் சி மொழியின் எல்.ஏ.எல்.ஆர். பகுப்பிகளுக்கு மட்டுமே உரியதாயிருந்த அவ்விலக்கு, 2.2 பதிப்பு முதல் பிறவற்றுக்கும் விரிந்தது. ஆகவே, கருவியின் உரிமமும் கருவி ஆக்கித் தரும் நிரலின் உரிமமும் தனித்தனியே ஆராயத்தக்கவை.

கைவிட்டோரும் கைக்கொண்டோரும்

1993-இல் பிரேசிலில் தோன்றிய லுவா மொழி, தொடக்கத்தில் லெக்ஸையும் யாக்கையும் கொண்டே உருவாக்கப்பட்டது. பின்னர் அதன் ஆசிரியர்கள் இரண்டையும் விடுத்துக் கையால் எழுதிய பகுப்பிகளுக்கு மாறினர். புதிய இலக்கணப் பகுப்பி சிறியது, விரைவானது, பிற கணினிகளுக்கு எளிதில் எடுத்துச் செல்லத்தக்கது, நல்ல பிழைச் செய்திகளைத் தருவது என்பன அவர்கள் கூறிய காரணங்கள். ஜி.சி.சி. தொகுப்பியும் 2004-இல் சி++ மொழிக்கும், 2006-இல் சி மொழிக்கும் பைசனைக் கைவிட்டது.

ரூபியின் வரலாறு இன்னும் நுட்பமானது. நெடுங்காலம் பைசனைச் சார்ந்திருந்த ரூபி, 2023-இல் வெளிவந்த 3.3 பதிப்பில் லிராமா என்னும் கருவிக்கு மாறியது. லிராமா பைசன் வடிவ இலக்கணக் கோப்பையே படிப்பதால், கருவி மாறியபோதும் விதிகள் நிலைத்தன. 2024-இல் வந்த 3.4 பதிப்பில் கையால் எழுதப்பட்ட பிரிசம் இயல்நிலைப் பகுப்பியாயிற்று. மறுபுறம் பி.எச்.பி.யும் பாஷும் பைசனையே தொடர்கின்றன. இவர்களுள் எவரும் எல்.ஏ.எல்.ஆர். கோட்பாட்டைப் பிழையெனக் கூறி விலகவில்லை. மொழியைப் பயன்படுத்துவோரின் தேவைகள் வளர்ந்தமையே மாற்றத்திற்கு வழிவகுத்தது. பைசனும் இதனைக் கருத்திற் கொண்டு, 2020-இல் வெளியிட்ட 3.6 பதிப்பில், பிழைச் செய்தியை மொழி ஆசிரியரே வகுத்துக்கொள்ளவும் சொற்கூறுகளின் பெயர்களை மொழிபெயர்க்கவும் வசதி செய்தது.

தமிழ் எழுத்துமுறை எழுப்பும் வினா

தமிழ்ச் சொற்களால் நிரல் எழுதும் முயற்சிகளுக்கு இவ்வரலாறு நேரடியாகப் பொருந்தும். முத்து அண்ணாமலை உருவாக்கி 2009-இல் ஆய்வுக் கட்டுரையாக அறிமுகப்படுத்திய எழில் மொழி, தமிழ் மாணவர்களுக்குக் கணிமை கற்பிப்பதை நோக்கமாகக் கொண்டது. இத்தகைய மொழிக்குப் பைசனோடு ஃபிளெக்ஸ் சொற்பகுப்பியாக்கியை இணைத்தால், சிக்கல் முதலில் எழுவது சொற்பகுப்பியில்தான். பைசன் காண்பது சொற்கூறுகளின் எண்களை மட்டுமே; எழுத்துகளைக் காணும் ஃபிளெக்ஸோ பைட்டுகளையே எண்ணுகிறது.

‘தொகை’ என்னும் இரண்டெழுத்துச் சொல் யு.டி.எஃப்-8 குறியாக்கத்தில் 12 பைட்டுகளாகும். அதனை அடுத்து வரும் பிழையைப் பைட்டு எண்ணிக்கையின்படி கருவி 13-ஆம் இடத்தில் காட்டும்; மாணவர் காண்பதோ மூன்றாம் இடத்தை. மேலும் ஒகர உயிர்மெய்க்குறியை ஒரே குறியீடாகவும், எகரக் குறியும் கால் குறியுமாகப் பிரித்தும் உள்ளிடலாம். பிரித்து உள்ளிட்ட ‘தொகை’ 15 பைட்டுகளாகிவிடும். திரையில் இரண்டும் ஒன்றே. வரிமொழிமாற்றிக்கோ இரு வேறு மாறிகள். உள்ளீட்டை ஒருங்குறி இயல்பாக்கத்திற்கு உட்படுத்தாவிடில், சரியாக எழுதிய மாணவருக்கே பிழைச் செய்தி கிட்டும்.

முடிவுரை

இலக்கணத்தின் இருபொருள் நிலையை வெளிப்படுத்துவதில் பைசன் இன்றும் பயனுடையது. புதிய மொழியின் விதிகளை வடிவமைக்கும் நிலையில் அதனைக் கைக்கொள்வது தகும். இறுதி வரிமொழிமாற்றியிலும் அதனையே தொடர்வதா என்பதை, கற்போர் பிழை செய்யும்போது அவர்களுக்குக் கிட்டும் செய்தியைக் கொண்டு தீர்மானிக்க வேண்டும். சரியான நிரல்களை மட்டும் கொடுத்துக் கருவியைச் சோதிக்கும் மதிப்பீடு நிறைவுடையதாகாது. பிழையான நிரல்களையும், இருவகையாக உள்ளிடப்பட்ட தமிழ்ப் பெயர்களையும் கொடுத்துச் சோதிப்பதே தமிழ்வழிக் கணிமைக் கல்விக்கு ஏற்ற மதிப்பீட்டு முறையாகும்.