செனான் சேர்மங்களின் தோற்றம்
மந்த வாயுக்கள் எதனுடனும் கூடுவதில்லை என்ற கருத்து, 1933இல் கலிபோர்னியாவில் யோஸ்ட், கே ஆகிய இருவரும் செனானை ஃபுளோரினுடன் இணைக்க முயன்று தோற்றபின், பாடநூல்களில் ஏறத்தாழ விதியாகவே நிலைத்துவிட்டது. பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் நீல் பார்ட்லெட், பிளாட்டினம் ஹெக்ஸாஃபுளோரைடு ஆக்சிஜன் மூலக்கூறிலிருந்தே எலக்ட்ரானைப் பறிப்பதைக் கண்டு, செனானின் அயனியாக்க ஆற்றலும், அதாவது ஓர் எலக்ட்ரானை நீக்கத் தேவையான ஆற்றலும், ஏறக்குறைய அதே அளவினது என உணர்ந்து, 1962 மார்ச்சில் செனானையும் பிளாட்டினம் ஹெக்ஸாஃபுளோரைடு ஆவியையும் கலந்தார். உடனே மஞ்சள் கலந்த ஆரஞ்சு நிறத் திண்மம் படிந்தது.

அதே ஆண்டில் சிகாகோவை அடுத்த ஆர்கான் தேசிய ஆய்வகத்தில் கிளாசன், செலிக், மால்ம் ஆகியோர், ஒரு பங்கு செனானுடன் ஐந்து பங்கு ஃபுளோரினை நிக்கல் கலத்தில் அடைத்து, 400 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் சூடாக்கிக் குளிர்வித்து, செனான் டெட்ராஃபுளோரைடைப் பெற்றனர். நிக்கலின் மேற்பரப்பில் உருவாகும் ஃபுளோரைடுப் படலம் உலோகம் மேலும் அரிபடாமல் காப்பதே அக்கலத்தைத் தேர்ந்ததற்குக் காரணமாகும். முப்பதாண்டுத் தயக்கத்துக்குப் பின் வந்த முறை இத்தனை எளிதாக இருந்தது வியப்புக்குரியதே. நிறமற்ற அப்படிகங்கள் உருகாமலே ஆவியாகும், அதாவது பதங்கமாகும், இயல்புடையவை. அவற்றின் மூலக்கூறு, செனானை நடுவில் கொண்ட தட்டையான சதுரம். நீருடன் வினைபுரிந்தால் உண்டாகும் செனான் டிரையாக்சைடு, உலர்ந்த நிலையில் கடுமையாக வெடிக்கக்கூடியது.