தொழிற்பயிற்சி நிலையம்

தொழிற்பயிற்சி நிலையம் என்பது எட்டாம் வகுப்போ பத்தாம் வகுப்போ முடித்த, 14 வயது நிறைந்தவர்களுக்கு ஓராண்டிலோ ஈராண்டிலோ ஒரு தொழிலைக் கற்றுத்தந்து, தேர்வு வைத்து, தேசியச் சான்றிதழ் பெற்றுத்தரும் நிறுவனம். அரசு நடத்துவனவும் தனியார் நடத்துவனவும் உண்டு. இந்த நீண்ட பெயர் பலகையில் மட்டும்தான். ஊர் வாயில் அது ஐ.டி.ஐ. கல்லூரிக்கு அனுப்ப வசதியில்லாத வீட்டுப் பிள்ளை நான்கைந்து ஆண்டு காத்திராமல் கையில் சம்பளம் பார்க்கும் வழியாகவே தமிழ்நாட்டில் இது அறியப்படுகிறது.

இதன் முன்னோடியைச் சென்னையிலேயே காணலாம். அறுவை மருத்துவரான அலெக்சாண்டர் ஹண்டர் 1850-இல் இங்கே ஒரு கலைப்பள்ளியைத் தம் சொந்த முயற்சியில் தொடங்கினார். மறு ஆண்டு அதனுடன் ஒரு தொழிற்பள்ளியையும் சேர்த்தார். பின்னர் அரசு அதை ஏற்றுக்கொண்டது. எழும்பூரில் இன்று அரசு கவின்கலைக் கல்லூரியாக இருப்பது அதுதான். ஓவியத்துக்குப் பெயர்பெற்ற அந்த வளாகம் மண்பாண்டமும் ஓடும் செங்கலும் செய்யக் கற்றுத்தந்த இடம் என்பது பலருக்கு நினைவில்லை.

அதே பள்ளியில் 1898-இல் ஆல்ஃபிரட் சாட்டர்டன் அலுமினியப் பாத்திரம் செய்யத் தொடங்கினார். பொறியியல் பேராசிரியர். பித்தளைக்கும் செம்புக்கும் பழகிய கன்னார்களின் கையில் புதிய உலோகத்தைக் கொடுத்துப் பார்த்தார். பாத்திரம் விற்றது, தொழில் வளர்ந்தது, 1903-இல் அது தனியார் கம்பெனியிடம் போனது. குரோம் முறைத் தோல் பதனிடுதலிலும் இதே பாணியைத்தான் கையாண்டார்: கற்றுத்தரும் பட்டறையே சந்தைக்குப் பொருள் அனுப்பும் பட்டறையாகவும் இருந்தது. ஐரோப்பிய வணிகர்களுக்கு இது பிடிக்கவில்லை. 1910-இல் இந்தியாவுக்கான அமைச்சர் மார்லி, அரசுப் பணம் தொழிற்கல்விக்குச் செலவாகலாம், வணிகத் தொழில் நடத்தச் செலவாகக் கூடாது என்று தீர்த்துவிட்டார். கற்றுக்கொடு, கடை போடாதே. பயிற்சி ஓரிடம், வேலை வேறிடம் என்ற பிரிவு இங்கே தொடங்குகிறது.

இன்றைய ஐ.டி.ஐ.யின் வேர் இரண்டாம் உலகப் போரில் இருக்கிறது. படைக்கும் ஆயுத ஆலைக்கும் ஃபிட்டர், டர்னர், வெல்டர் வேண்டியிருந்ததால் 1940-களின் தொடக்கத்தில் அரசு அவசரப் பயிற்சி நடத்தியது. பிரிட்டிஷ் தொழிலாளர் அமைச்சர் எர்னஸ்ட் பெவின் பெயரால் 1941-இல் வந்த திட்டத்தில் இந்திய இளைஞர்கள் இங்கிலாந்துக்கே பயிற்சிக்குப் போனார்கள். 

போர் முடியும் தறுவாயில் 1945 ஜூலையில் மறுவாழ்வு, வேலைவாய்ப்புத் தலைமை இயக்ககம் பிறந்தது. படையிலிருந்து திரும்பியவர்களுக்கு வேலை தேடித் தருவதே அதன் நோக்கம். பிரிவினைக்குப் பின் அகதிகளும் அதன் பொறுப்பில் சேர்ந்தார்கள். சிப்பாய்க்கும் அகதிக்கும் போட்ட பந்தலில்தான் பொது இளைஞர் கடைசியாக வந்து உட்கார்ந்தார். இன்றைய ஐ.டி.ஐ.க்கள் இயங்கும் கைவினைஞர் பயிற்சித் திட்டம் 1950-இல் தொடங்கியது. இந்த அமைப்பை ஆராய்ந்த சிவராவ் குழுவின் பரிந்துரைப்படி 1956 நவம்பரில் நிலையங்களின் நிர்வாகம் மாநிலங்களுக்கு வந்தது. பாடத்திட்டமும் சான்றிதழும் மத்திய அரசிடமே நின்றன.

தொழில்கள் பொறியியல் சார்ந்தவை, சாராதவை என இரு வகை. ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட், எலக்ட்ரீஷியன் ஆகியவை ஈராண்டு. பத்தாம் வகுப்பு வேண்டும். வெல்டர் ஓராண்டு. வெல்டருக்கும் வயர்மேனுக்கும் எட்டாம் வகுப்பு போதும். எல்லாவற்றுக்கும் தாய்த்தொழில் ஃபிட்டர். சேர்ந்த புதிதில் பையன் கையில் வருவது இயந்திரம் அல்ல, அரம். ஓர் இரும்புத் துண்டை வைஸில் இறுக்கிப் பிடித்து நாள்கணக்கில் ராவ வேண்டும். ராவிய விளிம்பில் மூலைமட்டத்தைப் பதித்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்பார்கள். இடுக்கில் ஒளி கசிந்தால் திரும்பவும் ராவல். உள்ளங்கை கொப்பளித்துக் காய்க்கும் முன்பே படிப்பை விட்டுப் போகிறவர்கள் உண்டு. பெண்களுக்கான தனி நிலையங்களில் தையலும் கணினியும் கற்பிக்கப்படுகின்றன.

பட்டறைக்கும் வேலைக்கும் நடுவே இருந்த பள்ளத்தை மூட வந்தது 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம். குறிப்பிட்ட நிறுவனங்கள் உதவித்தொகை கொடுத்து அப்ரண்டிஸ்களை எடுத்தே ஆகவேண்டும் என்றது. பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலை, திருச்சி பெல், நெய்வேலி நிலக்கரி நிறுவனம் ஆகியவற்றின் பழகுநர் அறிவிப்புக்குத் தமிழ்நாட்டு ஐ.டி.ஐ. வளாகங்களில் இருக்கும் மதிப்பு பெரிது. ஆனால் அதே சட்டத்தின் 22-ஆம் பிரிவு, பழகி முடித்தவருக்கு வேலை தரும் கடமை முதலாளிக்கு இல்லை என்றும் சொன்னது. 1995-இல் உத்தரப் பிரதேசப் போக்குவரத்துக் கழக வழக்கில் உச்ச நீதிமன்றம், மற்றத் தகுதிகள் சமமானால் பழகுநருக்கு முன்னுரிமை தரவேண்டும் என்று வழிகாட்டியது. 2014 திருத்தம், ஒவ்வொரு முதலாளியும் இதில் தனக்கென ஒரு கொள்கை வகுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டது.

இன்று நாடெங்கும் 14,000-க்கு மேற்பட்ட நிலையங்கள் உள்ளன, பெரும்பான்மை தனியாருடையவை. தமிழ்நாட்டில் டாடா டெக்னாலஜிஸுடன் இணைந்து 2,877 கோடி ரூபாய் மதிப்பில் 71 அரசு நிலையங்கள் ரோபோ, கணினி எந்திரக் கூடங்களுடன் தரம் உயர்த்தப்பட்டன.