ஆஸ்கர் மீனும் தலையில் விழுந்த ஓட்டையும்

என் ஆஸ்கர் மீன் தலையில குண்டூசி முனை அளவுக்கு ஒரு குழி. அமேசான் பக்கத்து வேட்டை மீன், ஒரு அடி வரைக்கும் வளரும். கடைக்கார அண்ணன் போட்டோவைப் பார்த்ததுமே "மெட்ரோனிடசோல் போடு தம்பி"ன்னுட்டார்.

நமக்கு வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கிற அதே மாத்திரைதான். 1950களின் கடைசியில் பிரான்சின் ரோன்-பூலாங்க் கம்பெனி கொண்டுவந்தது. முதல் குறி, மனிதர்களைத் தாக்கும் டிரைக்கோமோனாஸ் என்ற ஒரு செல் ஒட்டுண்ணி. மீன் குடலிலும் அதுபோல இழைகளால் நீந்துகிற ஹெக்ஸாமிட்டா உண்டு. ஓட்டை விழுந்த மீனை அறுத்துப் பார்த்தால் உள்ளே அது இருந்தது. கேஸ் முடிஞ்சது!

ஆனா, நல்லா இருக்கிற மீன் குடலிலும் அது இருக்கும். லாக்ல பேர் இருக்குன்னு ஒரு ப்ராசஸ்தான் கிராஷ் பண்ணுச்சுன்னு சொல்லிட முடியுமா? 2001ல் அதன் உறவான ஸ்பைரோநியூக்ளியஸ் பற்றி வந்த ஆய்வுக் கட்டுரைகூட, தலைப்பிலேயே 'காரணமாக இருக்கலாம்' என்றுதான் சொன்னது.

2011ல் வேற திருப்பம். சர்ஜன் என்ற கடல் மீன்களின் தொட்டியில் ஃபில்டர் கார்பன் போட்டுப் பார்த்தார்கள். கார்பன் இருந்த தொட்டி மீன்களுக்குத் தலையிலும் பக்கவாட்டிலும் தோல் அரித்தது. இல்லாத தொட்டியில் ஒண்ணுமில்லை. கடல் மீனுக்கு வந்தது ஆஸ்கருக்கும் அப்படியே பொருந்தும்னு நான் சொல்லல.

ஆனா இதை யோசிங்க. கார்பன் மருந்தை உறிஞ்சிடும். அதனால மருந்து போடும்போது அதை வெளியே எடுக்கச் சொல்வாங்க. அப்போ இத்தனை வருஷமா மாத்திரையால குணமான மீன்களில் எத்தனை, கார்பனை எடுத்ததால குணமானது?

என் மீன் தேறிடுச்சு. நானும் மருந்து, கார்பன், தண்ணீர் மூணையும் ஒரே நாள்ல மாத்தித் தொலைச்சேன்.