காலங்கடந்த மனச்சாட்சி

போர்த்தொழிலையே வாழ்வாகக் கொண்ட ஒருவர் ஆட்சியாளரின் ஆலோசகராகும்போது அவரது மனச்சாட்சி எங்கே நிற்கின்றது? அமெரிக்க அட்மிரல் வில்லியம் லீஹியின் வரலாறு இவ்வினாவை நம்முன் எழுப்புகின்றது.

1875இற் பிறந்த லீஹி, 1898இன் ஸ்பானிய-அமெரிக்கப் போரில் ‘ஒறிகன்’ என்னும் போர்க்கப்பலிற் பணியாற்றினார். பிலிப்பைன்ஸ், புவேர்ட்டோ றிக்கோ ஆகியவை ஸ்பெயினிடமிருந்து அமெரிக்காவின் கைக்கு மாறிய போர் அது. 1937 முதல் 1939 வரை கடற்படையின் தலைமைப் பதவியை வகித்து ஓய்வுபெற்றதும், அதே புவேர்ட்டோ றிக்கோவுக்கு அவர் ஆளுநராக அனுப்பப்பட்டார். இளமையிற் பெற்றுக்கொடுத்த உடைமையை முதுமையில் நிர்வகித்தார் எனலாம்.

1942 யூலையில் சனாதிபதி றூஸ்வெல்ற் அவரைத் தமது படைத்துறை ஆலோசகராக அருகிலேயே அமர்த்திக்கொண்டார். படைத் தளபதிகளின் கூட்டுக்குழுவுக்குத் தலைமை தாங்கியவரும், அதன் முடிவுகளைச் சனாதிபதியிடம் எடுத்துச்சென்றவரும் அவரே. மக்கள் தெரிந்தெடுக்காத ஒருவரிடம் இத்துணை செல்வாக்குக் குவிந்தமை மனங்கொள்ளத்தக்கது. றூஸ்வெல்ற் மறைந்த பின்னர் ட்ரூமனிடமும் அவர் அப்பதவியிற் தொடர்ந்தார்.

அணுகுண்டு வெடிக்கவே மாட்டாது என்று லீஹி ட்ரூமனிடம் கூறியிருந்தார். 1945 ஓகஸ்ற் 6ஆந் திகதி ஹிரோஷிமாவிலும் 9ஆந் திகதி நாகசாகியிலும் அது வெடித்தது. 1950இல் வெளியான தமது நினைவு நூலில், அவ்வாயுதம் காட்டுமிராண்டித்தனமானது என்றும், ஏலவே தோற்றுப்போயிருந்த யப்பானுக்கு எதிரான போரில் அது பயன் தரவில்லை என்றும் அவர் எழுதினார்.

அவரது கூற்றின் நேர்மையை நாம் மறுக்கவில்லை. ஆயினும், 1949 மார்ச் வரை அவர் பதவியில் இருந்தார். நூல் வெளிவந்ததோ அதன் பின்னரே. மாண்டவர்களுக்கு அவ்வாக்குமூலம் பயன்படவில்லை. அதிகார பீடத்தில் ஆலோசகரின் மனச்சாட்சி மௌனங் காக்குமாயின், போரைத் தடுக்கும் பொறுப்பை அவர்களிடம் ஒப்படைத்துவிட்டு மக்கள் வாளாவிருத்தல் இயலாது என்பதே இவ்வரலாறு நமக்கு உணர்த்தும் பாடமாகும்.