ஒரே காக்கிச் சட்டை எதற்கு? சாரணர் பிரிவுகளும் சீருடையும்

 

பெப்ரவரி 22 சாரணர் இயக்க நிறுவுநர் பேடன் பவலின் பிறந்த தினம். சாரணர் குழுவில் பிள்ளையைச் சேர்க்கச் சொன்னால் பெற்றார் முதலில் கேட்பது, "சேர், இவ்வளவு செலவழிச்சு இந்த உடுப்பு என்னத்துக்கு?" என்பதைத்தான். நியாயமான கேள்வி. அதற்கான பதில் இயக்கத்தின் வரலாற்றிலேயே இருக்கிறது.

1907 ஓகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் முதல் பாசறை நடந்தது. வந்திருந்த சுமார் 20 சிறுவர்களில் பாதிப்பேர் செல்வந்தர் படிக்கும் பாடசாலைகளைச் சேர்ந்தவர்கள். மற்றவர்கள் சாதாரண உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகள். இருசாராரையும் கலந்துதான் நான்கு அணிகள் அமைத்தார் பேடன் பவல். அன்று முழுமையான சீருடை கிடையாது. தோளில் கட்டிய ஒரு வர்ண முடிச்சே அடையாளம். காளை அணிக்குப் பச்சை, ஓநாய் அணிக்கு நீலம், காக்கை அணிக்குச் சிவப்பு, கர்லூ என்ற கரைப்பறவையின் அணிக்கு மஞ்சள்.

காக்கிச் சட்டை, அகன்ற தொப்பி, கழுத்தில் ஸ்காப் என்ற உடை அதன் பிறகே நிலைபெற்றது. எல்லோரும் ஒரே உடுப்பில் நின்றால் யார் வீட்டுப் பிள்ளை என்ற வேறுபாடு மறைந்துவிடும் என்பதே பேடன் பவலின் எண்ணம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பயனும் இருந்தது. ஸ்காப்பை விரித்தால் முறிந்த கையைத் தாங்கும் கட்டு. இரண்டு தடிகளில் சட்டைகளைக் கோர்த்தால் காயப்பட்டவரைத் தூக்கும் படுக்கை. மண்சரிவு வரும் எங்கள் பகுதியில் இதன் பெறுமதியைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

பிரிவுகள் பிள்ளைகளின் தேவையால் வந்தவை. 1909இல் லண்டன் கிறிஸ்டல் பலஸ் பேரணிக்கு அழைக்காமலே சிறுமிகள் வந்து நின்றார்கள். அடுத்த ஆண்டு பெண் சாரணியர் இயக்கம் பிறந்தது. அண்ணன்மாரைப் பார்த்து ஆசைப்பட்ட சின்னவர்களுக்காக 1916இல் குருளைச் சாரணர் வந்தது. மஞ்சள் கோடிட்ட பச்சைத் தொப்பி அவர்களுடையது. வளர்ந்த இளைஞருக்காக 1918இல் திரிசாரணர் பிரிவு உருவானது. பிரிவுகளுக்கு மரபான நிறங்களும் உண்டு: குருளையருக்கு மஞ்சள், சாரணருக்குப் பச்சை, திரிசாரணருக்குச் சிவப்பு. இன்று இலங்கையில் குருளையருக்கும் முந்திய சிறுவர்களுக்குச் சிங்கிதி என்ற பிரிவும் உண்டு. கனிஷ்டர், சிரேஷ்டர் என்று மேலே போய் ஜனாதிபதி சாரணர் விருது வரை எட்டலாம். பிள்ளைகளை வயதாலும் பயிற்சியாலும் மட்டுமே பிரிக்கிறார்கள், பணத்தாலோ இனத்தாலோ அல்ல.

இலங்கையில் இந்த விதை விழுந்ததும் மலைநாட்டில்தான். 1912இல் மாத்தளை கிறிஸ்ட் சேர்ச் கல்லூரியில் நில அளவையாளர் பிரான்சிஸ் ஜோர்ஜ் ஸ்டீவன்ஸ் முதல் குழுவை ஆரம்பித்தார். 1917இல் கண்டியில் பெண் சாரணியர் தொடங்கியது. ஆனால் மாத்தளையும் கண்டியும் நமக்குப் பக்கத்தில் இருந்தும், லயத்துப் பிள்ளைக்கு அது வெகுதூரம். தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியதே 1970களில்தான். அதுவரை எழுத்தறிவே போராட்டமாக இருந்த இடத்தில் சாரணியம் எங்கிருந்து வரும்?

இன்று பாடசாலை இருக்கிறது, ஆசிரியர் இருக்கிறார், ஆர்வமுள்ள பிள்ளையும் இருக்கிறது. சட்டை, ஸ்காப், இடுப்புப் பட்டி, சப்பாத்து என்று கணக்குப் பார்த்ததும் கொழுந்து பறிக்கும் தாய் "அடுத்த வருஷம் பார்ப்போம்" என்கிறார். ஏழை, பணக்காரன் வேறுபாட்டை மறைக்க வந்த உடுப்பே ஏழைப் பிள்ளையை வாசலில் நிறுத்திவிடுகிறது.

ஆகவே ஆசிரியர்களாக நாம் கேட்பது இதுதான். ஹட்டனிலும் நுவரெலியாவிலும் ஒரு காலத்தில் சாரணராக இருந்தவர்கள் அலுமாரியைத் திறந்து பாருங்கள். அளவு சிறுத்துப்போன சட்டையும் பட்டியும் இருந்தால் பக்கத்துப் பாடசாலையின் சாரண ஆசிரியரிடம் கொடுங்கள். பள்ளிவாசல், கோயில், தேவாலயம், விகாரை என்று பார்க்காமல் எல்லோருமே செய்யக்கூடிய உதவி இது. தையல் கடை வைத்திருப்போர் கூலியில் கொஞ்சம் குறைத்தாலும் போதும். சீருடை தயாராகும்வரை ஸ்காப் மட்டும் கட்டிய பிள்ளையையும் வரிசையில் சேர்த்துக்கொள்வோம். பிரவுன்சீயில் முதல் அணிகள் வெறும் ஒரு முடிச்சோடுதானே நின்றன.